கூண்டுத் திறப்பு வைத்திருந்தவன்

மருதடிக்குளம்,
கிளிநொச்சி.
09.02.2025

அன்புத் தம்பி யோகலிங்கத்துக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால், வாசித்து முடிக்கும்வரை கிழித்துவிடாதே. அக்கா கேட்பது அவ்வளவுதான்.

நீ ஊரைவிட்டுப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. எங்கே இருக்கிறாய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உன் பழைய நம்பருக்கு எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தேன். முதலில் மணி போனது. பிறகு அதுவும் இல்லை. இப்போது எடுத்தால் யாரோ ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

போன கிழமை அப்புத்துரை அண்ணை கண் காட்ட வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வந்தவர் நேரே எங்கள் வாசல் படலையடிக்குத்தான் வந்தார். "அமராவதி, உன்ர தம்பியைக் கண்டனான். தியேட்டர் வாசல்லை நிண்டு ரிக்கற் கிழிக்கிறான். என்னைக் கண்டிட்டு உள்ளை போட்டான். நான் கூப்பிடேல்லை" என்றார். கூப்பிடாமல் வந்ததற்கு அவரைப் பேசினேன். பிறகு யோசித்தேன், நானென்றாலும் கூப்பிட்டிருப்பேனோ தெரியாது. தியேட்டர் எந்தத் தெருவில் என்று அவரிடம் கேட்டுத்தான் இதை அனுப்புகிறேன்.

இங்கே காலபோக நெல் வெட்டு முடிந்தது. அத்தான் இல்லாமல் இரண்டாவது வெட்டு. மேட்டுக்காணியை மட்டும்தான் விதைத்தேன். பள்ளக்காணியில் அந்த வெள்ளம் கொண்டுவந்த மணல் இன்னும் மூடிக்கிடக்கிறது. எருக்கலை முளைத்துவிட்டது. மகள் லக்சிகா ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். விடிய ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் வரும். அவள் போனபிறகு வளவில் நானும் மாடுகளும்தான். நான் மாடுகளோடு கதைக்கிறேன் என்று பக்கத்து வீட்டு இரஞ்சிதம் சிரிக்கிறாள். கதைக்காமல் என்ன செய்வது?

குளத்து வான்கதவு திறந்து தண்ணீர் விடும் வேலைக்கு உன் இடத்தில் வேறோர் ஆளை வைத்திருக்கிறார்கள். அவருக்கு சைரன் கொடுத்திருக்கிறார்கள். திறப்பதற்கு முன் அதை அடித்தால் இரண்டு மைலுக்குக் கேட்கும். "இதை யோகலிங்கத்துக்குக் குடுத்திருக்கலாம்" என்று அப்புத்துரை அண்ணை சொன்னார்.

வெள்ளத்தில் அத்தான் போனதற்கும் நீ ஊரைவிட்டுப் போனதற்கும் இடையில் நாலு மாதம். அந்த நாலு மாதமும் ஒரே வளவில் இருந்துகொண்டு நீயும் நானும் ஒரு சொல் கதைக்கவில்லை. என்ன கதைப்பது என்று இப்போதும் தெரியவில்லை. தியேட்டர் வாசலில் ஒரு பெரிய மிருகத்தின் படம் ஒட்டியிருந்ததாம். அது என்ன கதை என்றாவது எழுது.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்?

உன் அக்கா,
அமராவதி


வவுனியா
20.02.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

போனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளத்தைப் பற்றிய விசாரணை முடிந்த பிறகு ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் எடுத்துப் பேசினார்கள். ஒருநாள் ஒரு சின்னப்பிள்ளையின் குரல் "கொலைகாரா" என்றது. பின்னால் யாரோ சொல்லிக்கொடுப்பதும் கேட்டது. அன்றைக்கே அதை உடைத்துக் கிணற்றில் போட்டேன். பிறகு வாங்கவில்லை. எழுதுவது எனக்குச் சுகம். எழுதும்போது எதிரில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள்.

சாப்பாடு கடையில். அறை தியேட்டருக்குப் பின்னால், திரை இருக்கும் சுவரோடு ஒட்டியது. படம் ஓடும்போது கட்டிலில் படுத்தால் வசனம் எல்லாம் முதுகுப் பக்கத்தால் கேட்கும். அதனால் மூன்று காட்சிக்கும் நான் வாசலிலேயே நிற்பேன்.

அந்தப் படம் வெளிநாட்டுப் படம். தமிழில் பேசவிட்டிருக்கிறார்கள். ஒரு கம்பெனி மலையில் சுரங்கம் தோண்டுகிறது. உள்ளே ஒரு மிருகம் படுத்திருக்கிறது. தலை உடும்பு மாதிரி, உடம்பு யானையைவிடப் பெரிது. அதை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்கத்தை மூடுங்கள் என்று ஒரு கிழட்டு டொக்டர் சொல்கிறார். முதலாளியின் மகன் கேட்கவில்லை. மயக்க ஊசி போட்டு, சங்கிலி கட்டி, கப்பலில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவருகிறான். மந்திரி அனுமதி கொடுக்கிறார். சனம் வரிசையில் நின்று பார்க்கிறது.

கூண்டுக்கு ஒரு காவலாளி. பூட்டின் திறப்பு அவன் இடுப்பில் தொங்கும். படம் முழுவதும் அவனுக்குப் பெயர் இல்லை. சங்கிலி மிருகத்தின் கழுத்தைத் தின்று புண்ணாகிவிடுகிறது. அவன் மூன்று தரம் போய்ச் சொல்கிறான். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. கடைசியில் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்துவதற்காக உள்கதவைத் திறக்கிறான். அவ்வளவுதான். மிருகம் நகரத்துக்குள் பாய்கிறது. முதலாவதாகச் சாகிறவன் அவன்தான். அப்போது தியேட்டர் முழுக்க விசில். வாசலில் நிற்கும் எனக்கு, அந்த விசிலைக் கேட்டே படம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும்.

பிடித்துக்கொண்டு வந்தவனை ஒருவரும் பேசுவதில்லை. அவன் ஆள் நல்ல வடிவு. கடைசியில் அவனே அதைக் கொன்று பெயர் எடுக்கிறான்.

காட்சி முடிந்து வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது சொல்வதெல்லாம் ஒன்றுதான். "அந்த விசரன் திறந்திருக்காட்டி ஒண்டுமே நடந்திராது."

நீங்கள் கேட்டபடியால் எழுதினேன். லக்சிகாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்று எழுதத் தோன்றுகிறது. சொல்ல வேண்டாம்.

யோகலிங்கம்


மருதடிக்குளம்
02.03.2025

அன்புத் தம்பி,

உன் எழுத்தைக் கண்டவுடன் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். லக்சிகாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் முன்னால் உன் பெயரை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிறாள்.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன்! தொழிற்சாலையில் யாரோ லக்சிகாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முற்றத்து வேம்பின் கீழ் கதிரைகளைப் போட்டு, தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லாரும் பார்த்தோம். நான், லக்சிகா, இரஞ்சிதம், அப்புத்துரை அண்ணை. அவருக்கு ஒரு கண்ணில் மருந்து விட்டிருந்தது. மற்றக் கண்ணால் பார்த்தார்.

பார்த்து முடிய வழக்குப் பேச்சுத் தொடங்கிவிட்டது. இரஞ்சிதம், "அனுமதி குடுத்த மந்திரியைத்தான் முதல் பிடிக்கவேணும்" என்றாள். நான், தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிக் கொண்டுவந்தவன்தான் என்றேன். அப்புத்துரை அண்ணை சிரித்துக்கொண்டு, "மிருகம் ஓடாட்டி பிறகேன் படம்? கூண்டுக்கை அது படுத்திருக்கிறதை ரெண்டு மணித்தியாலம் பாக்கிறதோ?" என்று கேட்டார். பிறகு அவரே, "அதுசரி, அடிச்சுப் பிடிச்சுப் பாக்க வந்த சனத்திலை பிழை இல்லையோ? சனம் வரேல்லையெண்டா அவன் ஏன் கொண்டுவாறான்?" என்றார்.

லக்சிகா அதுவரை வாய் திறக்கவில்லை. "திறப்பு ஆரிட்டை இருந்தது?" என்று கேட்டாள். பிறகு அவளே சொன்னாள். "கூண்டுத் திறப்பு ஆரிட்டை இருந்ததோ அவன்தான் பொறுப்பு. அதுக்குத்தானே அவனை வைச்சிருக்கு. மற்ற ஆக்களைச் சொல்லி அவனைத் தப்பவிடாதேங்கோ." போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

படத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அப்புத்துரை அண்ணை கதிரைகளை எடுத்துத் திண்ணையில் வைத்தார். போகும்போது படலையடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நாப்பத்திமூண்டு பேர் கையெழுத்து வைச்சனாங்கள் பிள்ளை. நாலாவது கையெழுத்து என்ர."

அந்தக் கடிதத்தைத்தான் சொன்னார். முந்தின வருஷம் கதவை நேரத்தோடு திறந்து தண்ணீரை விட்டுவிட்டார்கள், சிறுபோகம் பாதிதான் செய்தோம் என்று விவசாயிகளின் கமக்கார அமைப்பு குளத்து அலுவலகத்துக்கு எழுதிய கடிதம். இந்தமுறை குளம் கடைசி அடி வரைக்கும் நிரம்பாமல் திறக்கக்கூடாது என்று. முதல் கையெழுத்து அத்தானுடையது. தலைவர் அல்லவா.

நீ அந்தக் காவலாளியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எழுதவில்லை.

அக்கா


வவுனியா
12.03.2025

அன்புள்ள அக்கா,

படம் இந்த வெள்ளிக்கிழமையோடு போகிறது. அடுத்தது ஒரு காதல் படம். வாசலில் மிருகத்தைக் கிழித்து எடுக்க வேண்டும்.

லக்சிகா சொன்னது சரி. என் கையில்தான் இருந்தது. பொறியியலாளர் அன்று காலையில் என்னிடம் சொன்னது ஒரே வசனம்: "என்ர சொல் இல்லாமல் ஒரு கதவும் அசையக்கூடாது." அவருடைய சொல்லுக்காக ஏழு தரம் போன் எடுத்தேன். மணி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எட்டாவது தரம் எடுக்கும்போது குளக்கட்டில் இரண்டு இடத்தில் தண்ணீர் கசியத் தொடங்கிவிட்டது. கட்டு உடைந்தால் ஊரே இல்லை. திறந்தேன். இதையெல்லாம் விசாரணையில் சொன்னேன். எழுதினார்கள். அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாற்பத்துமூன்று பேரின் கடிதத்தையும் நான் காட்டவில்லை. ஒரு பிரதி என்னிடம் இருந்தது. அதில் முதல் பெயர் செத்துப்போனவருடையது. அதை எப்படிக் காட்டுவது?

காவலாளியைப் பற்றிக் கேட்டீர்கள். நேற்று மத்தியானக் காட்சி முடிந்து, வயதான ஒருவர் தன் மனைவியோடு படியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டு சொன்னார்: "திறந்தது பிழையில்லையப்பா. திறக்கிறதுக்கு முன்னம் ஒராளுக்காவது சொல்லியிருக்கவேணும். அதுதான் பிழை."

அது உண்மை. படத்தில் அவன் ஒருவருக்கும் சொல்லாமல்தான் திறக்கிறான்.

வேறு விசேஷம் இல்லை. இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

யோகலிங்கம்


மருதடிக்குளம்
19.03.2025

தம்பி,

படத்தில் அவன் சொல்லவில்லை. நீ சொன்னாய்.

இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு வருஷமும் மூன்று மாதமும் பிடித்திருக்கிறது. உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். ஆனால் என் கையால் எழுத வேண்டும்.

அன்று அத்தான் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மழைக்கு நனைந்துவிடும் என்று. குசினிக்குள் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பத்தரை மணி இருக்கும், போன் அடித்தது. நீ மூச்சு வாங்கிக்கொண்டு கதைத்தாய். "அக்கா, அத்தான் எங்கை? கட்டு கசியுது. அரை மணித்தியாலத்திலை கதவு திறக்கப்போறன். பள்ளக்காணிப் பக்கம் ஒருத்தரும் நிக்கப்படாது. உடனை சொல்லுங்கோ."

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அவசரப்படாதை. அத்தான் கடைசி அடி மட்டும் பொறுக்கச் சொன்னவரல்லோ. நீ எப்பவும் இப்பிடித்தான் பயந்து சாவாய்." வைத்துவிட்டேன்.

அத்தான் அப்போது பள்ளக்காணிக்குத்தான் போயிருந்தார். மாடுகளை அவிழ்த்துவர. நடந்து போனால் பத்து நிமிஷம். எனக்கு அரை மணித்தியாலம் இருந்தது, தம்பி. போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பியும் வரலாம். நான் சோற்றை வடித்தேன். மழை கொஞ்சம் விடட்டும் என்று பார்த்தேன். நீ திறக்கமாட்டாய் என்று நினைத்தேன். மேலிடத்துச் சொல் இல்லாமல் உனக்குத் துணிவு வராது என்று நினைத்தேன். கறிக்குத் தேங்காய் துருவினேன். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. ஆற்றுச் சத்தம் இல்லை அது. வேறு ஏதோ.

மாடுகள் இரண்டும் பின்னேரம் தாமாகவே வீட்டுக்கு வந்தன. அவர் அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

அத்தானை அடுத்தநாள் பாலத்தடியில் எடுத்தார்கள். செத்தவீட்டுக்கு ஆட்கள் வரத்தொடங்க முன்னம், அவருடைய போனில் உன் நம்பர் இருந்த இடத்தைத் தேடி அழித்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

விசாரணை நடந்த மண்டபத்தில் அந்த ஐயா என்னிடம் கேட்டார், "உங்களுக்கு ஏதேனும் முன்னறிவித்தல் கிடைத்ததா அம்மா?" என்று. லக்சிகா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். நான் இல்லை என்றேன். பிறகு உன்னைக் கேட்டார், "திறப்பதற்கு முன் யாருக்காவது அறிவித்தீரா?" என்று. நீ என்னைப் பார்த்தாய். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாய். நீ "இல்லை" என்றாய்.

"எவருக்கும் அறிவிக்காமல் திறந்தார்" என்று எழுதி உன்னை வேலையால் நிறுத்தினார்கள். ஊர் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டது. லக்சிகாவும் அதைத்தான்.

நான் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். உன்னிடம் கேட்கவில்லை. சொல்கிறேன்.

அக்கா


வவுனியா
24.03.2025

அன்புள்ள அக்கா,

தயவுசெய்து போகாதீர்கள். இந்தக் கடிதம் பிந்திவிடக்கூடாது என்று முதல் தபாலுக்குக் கொண்டு ஓடுகிறேன்.

லக்சிகாவுக்குத் தகப்பன் இல்லை. இனித் தாயும் இல்லாமல் செய்யாதீர்கள். என்னை அவள் வெறுக்கட்டும். நான் எங்கோ இருக்கிற ஆள். உங்களை வெறுத்தால் அவள் எங்கே போவாள்? அந்த மண்டபத்தில் உங்கள் கையை அவள் பிடித்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றேன்.

ஆனால் நீங்கள் உண்மை எழுதிவிட்டீர்கள். நானும் மறைத்தால் சரியில்லை. பொய் சொன்னது உங்களுக்காக மட்டும் இல்லை.

அன்று காலை எட்டு மணிக்கு அத்தான் குளக்கட்டுக்கு வந்தார். இன்னும் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒரு கதவையாவது ஆறு அங்குலம் உயர்த்தி விடுவோம், மழை விடுகிற மாதிரி இல்லை என்று நான் சொன்னேன். அத்தான் எல்லாருக்கும் முன்னால், "உன்னை இந்த வேலைக்கு எடுத்துவிட்டது நான். எனக்குக் குளம் படிப்பிக்காதை" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மை. வேலை அவர் எடுத்துத் தந்ததுதான். நான் கதவைத் தொடவில்லை.

பதினொரு மணிக்குத் திறந்தபோது நாலு கதவையும் முழுதாகத் திறந்தேன், அக்கா. ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும். அப்படித்தான் எனக்குப் பழக்கினார்கள். முதலில் ஒன்றைத் திறந்திருந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதை அத்தான் கண்டிருப்பார். கரைக்கு வந்திருப்பார். கட்டு உடையப்போகிறது என்ற பயத்தில் நாலையும் திறந்தேன் என்று விசாரணையில் சொன்னேன். பயம்தான். ஆனால் கை சக்கரத்தைச் சுற்றும்போது காதுக்குள் அவர்கள் சிரித்த சத்தமும் இருந்தது. பயத்தில் திறந்தேனா, கோபத்தில் திறந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் ஊர் என்னைப் பேசும்போது முழுக்கப் பொய்க்காகப் பேசுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. வாசலில் நின்று அந்த விசில்களைக் கேட்கும்போதும் ஓடிப்போகத் தோன்றவில்லை.

போகாதீர்கள். இதை இப்படியே விடுங்கள்.

யோகலிங்கம்


மருதடிக்குளம்
22.04.2025

அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் இன்னும் போகவில்லை. அதை வாசித்த பிறகுதான் போனேன்.

முதலில் லக்சிகாவிடம் சொன்னேன். வருஷப்பிறப்புக்கு மூன்று நாள் லீவு. கைவிசேடக் காசு வாங்கி, சாப்பிட்டு முடிய, "பிள்ளை, இரு, ஒரு கதை சொல்லவேணும்" என்றேன். இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உலை, தேங்காய், போனை அழித்தது வரைக்கும். உன் கடிதங்களை முன்னால் வைத்தேன். வாசித்தாள். இரண்டாவது தரமும் வாசித்தாள். அழவில்லை. "அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரைப் பேசினனான்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்தநாள் காலையில் உடுப்புப் பையோடு வட்டக்கச்சிப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். தொழிற்சாலைப் பிள்ளைகள் நாலு பேர் அங்கே வீடு எடுத்து இருக்கிறார்கள். போன் எடுத்தால் வேலை என்கிறாள். ஒரு கிழமையாகிறது.

பிறகு குளத்து அலுவலகத்துக்குப் போனேன். இப்போது இருக்கிற ஐயா இளம் ஆள். உன் விசாரணைக் கோவை மூடியாகிவிட்டதாம். "இனி மாற்றம் வராது அம்மா" என்றார். வந்தாலும் வராவிட்டாலும் எழுதுங்கோ என்று கதிரையில் இருந்துவிட்டேன். எழுதினார். நீ போன் எடுத்தது, நான் சொல்லாமல் விட்டது, அழித்தது. பிறகு அந்த நாற்பத்துமூன்று பேரின் கடிதத்தைச் சொன்னேன். அத்தானின் பெயரையும் சொன்னேன், தம்பி. அவர் பேனையை வைத்துவிட்டு, "அப்ப ஆரம்மா குற்றவாளி? நான் ஆரையெண்டு எழுத?" என்றார். "ஒராளை மட்டும் எழுதாதேங்கோ ஐயா. போனமுறை அப்பிடித்தான் எழுதினவை" என்றேன். நீ உன்னைப் பற்றி எழுதியதை மட்டும் நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதா விடுவதா என்பது உன்னுடைய விஷயம்.

அப்புத்துரை அண்ணை தானும் வந்து கையெழுத்து வைத்தார். மற்றவர்களில் சிலர் ரோட்டில் கண்டால் மற்றப் பக்கம் பார்க்கிறார்கள். "செத்த மனுசனைக் காட்டிக்குடுத்தவள்" என்று இரஞ்சிதத்திடம் யாரோ சொன்னார்களாம். இரஞ்சிதம் வருவதும் குறைந்துவிட்டது.

இப்போது பகல் முழுக்க வீட்டில் சத்தம் இல்லை. உனக்கு அந்த அறையில் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் விளங்குகிறது. இரண்டு பேருக்குச் சோறு வைத்துப் பழகிய பானை. ஒருவருக்கு வைத்தால் அடிப்பிடிக்கிறது.

நீ வா, தம்பி. உன் கொட்டிலைக் கூட்டி வைத்திருக்கிறேன். அன்று உன்னைப் பயந்தவன் என்று சொன்னேனே, அதை உன் முகத்தைப் பார்த்துத் திரும்ப வாங்க வேண்டும்.

வராவிட்டாலும் எழுது.

அக்கா


வவுனியா
06.05.2025

அன்புள்ள அக்கா,

லக்சிகா இங்கே வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. உள்ளே மொத்தம் ஆறு பேர்தான். ரிக்கற் கிழித்துக் கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்ப்பதில்லை. படம் முடிந்து எல்லாரும் போனபிறகு ஒரு பிள்ளை மட்டும் படியில் நின்றது. அப்போதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மெலிந்துவிட்டாள். அத்தானின் நெற்றி.

"மாமா, அம்மா சொன்னது உண்மையோ?"

ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் சொன்ன பொய்யை அந்த ஒரு பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. ஓம் என்றேன்.

"பிறகேன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"உனக்கு ஒராளாவது மிஞ்சவேணும் எண்டு நினைச்சன் பிள்ளை."

"அண்டைக்கே சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பன். ரெண்டு பேரையும் பேசியிருப்பன். ஆனா ரெண்டு பேரும் மிஞ்சியிருப்பீங்கள்" என்றாள்.

நான் படியில் இருந்தேன். அவளும் இரண்டு படி தள்ளி இருந்தாள். நாலு கதவையும் ஒன்றாகத் திறந்ததை அவள் கடிதத்தில் வாசித்திருக்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் என் வாயால் சொன்னேன். அன்று காலையில் குளக்கட்டில் சிரித்தவர்களையும் சொன்னேன். அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள், "அம்மா ஓடிப்போய்ச் சொல்லியிருந்தா அப்பா வந்திருப்பாரோ?"

"தெரியாது பிள்ளை. மாட்டைக் கட்டினபடி விட்டிட்டு வாற ஆளில்லை அவர்."

அப்போதுதான் அழுதாள். தியேட்டர் படியில் இருந்து சத்தம் போட்டு அழுதாள். நான் தலையைத் தடவலாமா என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தேன். பிறகு தடவினேன். கையைத் தட்டிவிடவில்லை.

காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். கடைக்குக் கூட்டிப்போய் றொட்டி வாங்கிக் கொடுத்தேன். மூன்று சாப்பிட்டாள். ஐந்து மணிக் கிளிநொச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வட்டக்கச்சிக்கா, வீட்டுக்கா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. யன்னலால் எட்டி, "மாமா, ஒரு போன் வாங்குங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, எனக்குத் தெரிந்ததை முழுதாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வைத்து, அந்த அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பினேன். என் கோபத்தையும் எழுதினேன். என்ன செய்வார்களோ தெரியாது. மூடின கோவைக்குள் அதையும் போட்டு மூடலாம்.

நான் இப்போது வரவில்லை, அக்கா. உங்கள்மேல் கோபம் இல்லை. முன்பு இருந்தது. அதை இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? இப்போது இல்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற பாதை குளக்கட்டு மேலால் வருகிறது. அதில் நடக்க இன்னும் கால் வராது. எப்போது வரும் என்று உறுதி சொல்லமாட்டேன். கொட்டிலை வேறு எதற்காவது தேவையென்றால் பாவியுங்கள்.

லக்சிகா வந்தால் ஒன்றும் கேட்காதீர்கள். எப்போது வந்தாய், எங்கே போனாய் என்று ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

தம்பி,
யோகலிங்கம்